தொலைக்காட்சியில் கண்ட பாரிஸ்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நான் பாரிஸ் நகரத்துக்குப் போனதில்லை. எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டு ஜூலை 26 முதல் ஆகஸ்டு 11 வரை, பதினேழு நாட்கள், முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தபடியே அந்த மாநகரின் பாலங்களையும் கோபுரங்களையும் நதியையும் கண்டு களித்தேன். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும் எனக்கு அந்தப் பதினேழு நாட்கள்தாம் நினைவுக்கு வந்தன. “படித்ததை மட்டும் எழுதாதே, பார்த்ததையும் எழுது” என்று தமிழாசிரியை சொன்னார். எனவே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

பாரிசுக்கும் நமக்கும் கோடைகாலத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே இரவு பதினொன்று. தொடக்க விழா அந்நேரத்துக்குத்தான். மறுநாள் சனிக்கிழமை என்று சொல்லி அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். அம்மாச்சி ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, “நானும் கொஞ்ச நேரம் பாக்குறேன்” என்று வந்து உட்கார்ந்தார்கள். தம்பி அரைமணியில் உறங்கிவிட்டான். அம்மாச்சியோ கடைசிவரை விழித்திருந்தார்கள்!

ஒலிம்பிக் தொடக்க விழா என்றால் விளையாட்டு அரங்கினுள் நாடுகள் அணிவகுத்து வரும் என்றுதான் நாம் அறிவோம். பாரிசில் அப்படியில்லை. சென் நதியே அணிவகுப்புச் சாலை ஆயிற்று. ஆஸ்டர்லிட்ஸ் பாலத்திலிருந்து ஈபிள் கோபுரத்துக்கு எதிரே உள்ள திரொக்காதெரோ வரை சுமார் 6 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 85 படகுகளில் வீரர்களும் வீராங்கனைகளும் வந்தார்கள். அரங்கத்துக்கு வெளியே கோடைக்கால ஒலிம்பிக் தொடங்கியது அதுவே முதல் முறை. மரபுப்படி கிரீஸ் முதலில் வந்தது. நாடிழந்த அகதிகளின் அணி அதற்கு அடுத்து வந்தது. நமது கொடியைப் பி.வி. சிந்துவும் சென்னையைச் சேர்ந்த மேசைப்பந்து வீரர் சரத் கமலும் ஏந்தி வந்தார்கள். படகு திரையைக் கடந்தது சில விநாடிகள்தாம். நாங்கள் மூவரும் கைதட்டிய சத்தத்தில் தம்பி விழித்து, “என்ன, ஜெயிச்சிட்டோமா?” என்று கேட்டான்.

அன்று பாரிசில் கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. நாட்டியமாடியவர்கள் நனைந்தார்கள். பார்வையாளர்கள் பிளாஸ்டிக் அங்கிகளுக்குள் ஒடுங்கினார்கள். “கலியாண வீட்டு மழை மாதிரி இருக்கு” என்றார்கள் அம்மாச்சி. அந்த மழை எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விழாவில் ஒரு காட்சி நம் ஆண்டவரின் இறுதி இராவுணவைக் கேலி செய்வதுபோல் இருந்தது என்று பலர் மனம் புண்பட்டார்கள். அம்மாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரான்சு நாட்டு ஆயர்களும் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார்கள். கிரேக்கத் தெய்வங்களின் விருந்தைத்தான் காட்டினோம், யாரையும் புண்படுத்த எண்ணவில்லை என்றார் விழாவை அமைத்தவர். புண்பட்டவர்களிடம் அமைப்பாளர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். எனக்குப் பிடித்த காட்சி வேறு. நதிக்கரையிலிருந்து பொன்னிறச் சிலைகள் பத்து ஒவ்வொன்றாக மேலெழுந்தன. பத்தும் பெண்களின் சிலைகள். அவற்றுள் ஒருவர் பெயர் அலிஸ் மில்லியா. அவர் யார் என்று மறுநாள் தேடிப் படித்தேன். தோழியரே, நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

முதலில் நகரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் நடத்தும் நகரங்கள் புதிது புதிதாக அரங்குகள் கட்டிக் கடனில் மூழ்குவது உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976இல் நடத்திய விளையாட்டின் கடனைக் கட்டி முடிக்க 2006 வரை, முப்பது ஆண்டுகள் ஆயின. பாரிஸ் நகரத்தார் இதிலிருந்து பாடம் கற்றவர்கள் போலும். பெரும்பாலும் இருந்த இடங்களையே பயன்படுத்தினார்கள். ஈபிள் கோபுரத்தின் அடியில் மணல் பரப்பிக் கடற்கரைக் கைப்பந்து. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் குதிரையேற்றம். நெப்போலியனின் கல்லறை உள்ள இன்வாலித் வளாகத்தில் வில்வித்தை. 1900ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கண்ணாடிக் கூரையிட்டுக் கட்டிய ‘கிராண் பலே’ மாளிகையில் வாட்போர். அலைச்சறுக்கு மட்டும் பிரான்சிலேயே இல்லை. 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலில் உள்ள தகித்தித் தீவில்! அதுவும் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட தீவுதான்.

பதக்கங்களிலும் ஒரு புதுமை. ஒவ்வொரு பதக்கத்தின் நடுவிலும் அறுகோண வடிவில் ஒரு சிறு இரும்புத் துண்டு, 18 கிராம் எடை. ஈபிள் கோபுரத்தைப் பழுதுபார்த்த காலங்களில் கழற்றி எடுத்து வைத்திருந்த பழைய இரும்பு அது. இதைச் சொன்னபோது அம்மாச்சி நம்பவில்லை. “தங்கத்துக்கு நடுவுல பழைய இரும்பை வச்சா குடுக்குறாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சென் நதிக்கரைச் சுவர்களின்மேல் பச்சைநிறப் பெட்டிகளை வைத்துப் பழைய புத்தகம் விற்கும் வியாபாரிகள் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். தொடக்க விழாவின் பாதுகாப்புக்காக அந்தப் பெட்டிகளில் பலவற்றை அகற்ற வேண்டும் என்று காவல்துறை உத்தரவிட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரே தலையிட்டு, பெட்டிகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. வீடில்லாமல் பாலங்களின் அடியிலும் கூடாரங்களிலும் தங்கியிருந்த பலரை, விளையாட்டுக்கு முந்தைய மாதங்களில், பேருந்துகளில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள் என்று தொண்டு நிறுவனங்கள் குறை கூறின. ஒலிம்பிக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது அரசாங்கம். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது வேண்டாததையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவது நம் வழக்கம்தான். மனிதர்களை எந்தக் கட்டிலின் அடியில் தள்ளுவது?

ஓட்டப் போட்டிகள் நடந்த அரங்கம் பாரிசின் வட எல்லையை ஒட்டிய சேன்-தெனி என்ற ஊரில் இருக்கிறது. தலை வெட்டுண்ட பின்னும் தம் தலையைக் கையில் ஏந்தி நடந்தார் என்று மரபு சொல்லும் ஆயர் புனித தியோனிசியாரின் பெயரால் அமைந்த ஊர் அது. பிரான்சு மன்னர்கள் பலரை அடக்கம் செய்த பேராலயம் அங்கே உண்டு. ஆனால் இன்று அது தொழிலாளரும், வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களும் வாழும் எளிய பகுதி. வீரர்கள் தங்கிய ஒலிம்பிக் கிராமத்தையும் அங்கேயும் அதன் பக்கத்து ஊர்களிலுமாகக் கட்டி, பிறகு மக்கள் குடியிருக்கும் வீடுகளாக மாற்றும் திட்டம் வகுத்தார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பாரிஸ் மூன்று முறை ஒலிம்பிக் நடத்தியிருக்கிறது: 1900, 1924, 2024. இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பெண்களின் கதை தெளிவாகத் தெரியும்.

‘விரைவாக, உயரமாக, வலிமையாக’ என்ற பொருள் தரும் ஒலிம்பிக் குறிக்கோளை முதலில் சொன்னவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் ஹென்றி திதோன். சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர். பாரிசுக்கு அருகே ஒரு பள்ளியின் அதிபராக இருந்தார். 1891இல் தம் மாணவர்களின் விளையாட்டு விழாவில் அவர் சொன்ன மூன்று இலத்தீன் சொற்களை, அவருடைய நண்பர் கூபர்தென் பிரபு எடுத்துக்கொண்டு, 1894இல் ஒலிம்பிக் இயக்கத்துக்கே குறிக்கோளாக்கினார். ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் பிறந்த சொற்கள்! 2021இல் அதனுடன் ‘ஒன்றாக’ என்ற பொருளுடைய சொல்லும் சேர்ந்தது.

அந்தக் கூபர்தென் பிரபுதான் நவீன ஒலிம்பிக்கின் தந்தை. பெரிய மனிதர்தான். ஆனால் பெண்கள் ஒலிம்பிக்கில் போட்டியிடுவதை அவர் விரும்பவில்லை. பெண்கள் கைதட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். 1900இல் பாரிசில் முதன்முதலாகப் பெண்கள் கலந்துகொண்டபோது, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான போட்டியாளர்களில் பெண்கள் 22 பேர் மட்டுமே. டென்னிஸ் போன்ற சில ஆட்டங்களே அவர்களுக்குத் திறந்திருந்தன. ஓட்டம் கிடையாது.

இங்குதான் அலிஸ் மில்லியா வருகிறார். படகு வலிப்பதில் தேர்ந்த பிரெஞ்சுப் பெண்மணி. ஓட்டப் பந்தயத்தில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அவர் ஒலிம்பிக் குழுவைக் கேட்டார். மறுத்தார்கள். சரி, நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று 1922இல் பாரிசிலேயே பெண்களுக்கென்று தனி உலகப் போட்டியை நடத்திக் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பார்த்தார்கள். அதன் பிறகே ஒலிம்பிக் குழு இறங்கி வந்து, 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகளை வைத்தது. அவற்றுள் ஒன்று 800 மீட்டர் ஓட்டம்.

அந்த 800 மீட்டரை ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே உலகச் சாதனையுடன் வென்றார். ஓடி முடித்தவர்களில் சிலர் களைத்துப் புல்தரையில் சாய்ந்தார்கள். ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்காதா? ஆனால் பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. இவ்வளவு தூரம் பெண்ணுடம்பு தாங்காது என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோமாபுரியில்தான் அது திரும்பி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் எத்தனை பெண்கள் ஓடாமலே கிழவிகளாகியிருப்பார்கள்!

நான் இதைப் பற்றி இவ்வளவு ஆத்திரப்படுவதற்குக் காரணம் உண்டு. நானும் 800 மீட்டர் ஓடுபவள்.

1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எரிக் லிடெல் என்ற வீரர், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்பதற்காக, அது ஆண்டவருடைய நாள் என்று சொல்லி ஓட மறுத்துவிட்டார். பதிலாக 400 மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். மறு ஆண்டே மறைப்பணிக்காகச் சீனா சென்றார். 1945இல் அங்கே ஜப்பானியரின் சிறைமுகாமில் உயிர்நீத்தார். அவர் ஓடிய கொலோம்ப் அரங்கம் இன்னும் இருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டு 8ஆம் நாள், அதே அரங்கத்தில்தான் நமது ஆடவர் ஹாக்கி அணி ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. அன்றிரவே நீரஜ் சோப்ரா ஈட்டியை 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் கொண்டுபோனார். இந்தியாவுக்கு மொத்தம் ஆறு பதக்கங்கள். இவற்றையெல்லாம் செய்தித்தாள்களில் எல்லாரும் படித்திருப்பீர்கள். ஆகவே விடுகிறேன்.

இப்போது அந்த மழைக்கு வருகிறேன்.

டிரையத்லான் என்று ஒரு போட்டி. ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, உடனே 40 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, உடனே 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நினைத்தாலே கால் வலிக்கிறது. இதில் நீச்சல் பகுதியைச் சென் நதியிலேயே நடத்துவது என்று பாரிஸ் நகரத்தார் முடிவு செய்தார்கள். 1900 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் அந்நதியில்தான் நடந்தன. ஆனால் 1923 முதல், நதி மாசடைந்ததால், அதில் நீந்தத் தடை. மூன்று ஆண்டுகளில் நதியைச் சுத்தமாக்கி நானே நீந்திக் காட்டுகிறேன் என்று 1990 வாக்கில் அன்றைய மேயர் ழாக் சிராக் வாக்குக் கொடுத்தார். அவர் நாட்டின் குடியரசுத் தலைவராகவே ஆனார். நீந்தவில்லை! ஒலிம்பிக்குக்காக ஏறத்தாழ 140 கோடி யூரோ, அதாவது பன்னிரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல், செலவிட்டு நதியைச் சுத்தம் செய்தார்கள். 2024 ஜூலை 17ஆம் நாள் மேயர் ஆன் இதால்கோ அம்மையார் நதியில் இறங்கி நீந்தி, பயமில்லை என்று காட்டினார்.

பிறகுதான் தொடக்க விழா மழை வந்தது. மறுநாளும் மழை. 28, 29 தேதிகளில் நீச்சல் பயிற்சி இரத்து. 30ஆம் தேதி காலை நடக்கவேண்டிய ஆடவர் போட்டி அதிகாலையில் ஒத்திவைக்கப்பட்டது. காரணம், நதிநீரில் சாக்கடைக் கிருமி. இதைப் படித்தவுடன் நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “பன்னிரண்டாயிரம் கோடி செலவு பண்ணியும் இப்படியா?” என்று அப்பாவிடம் கேட்டேன். “சிரிக்காதம்மா, மழை யாரையும் விடாது” என்றார்.

ஆறே வாரத்தில் அந்தச் சிரிப்புக்குத் தண்டனை கிடைத்தது. செப்டம்பரில் எங்கள் குறுவட்டத் தடகளப் போட்டி. முந்தின இரவு நல்ல மழை. காலையில் ஷூவைக் கையில் பிடித்தபடி மைதானத்துக்குப் போனால், ஓடுபாதை தெரியவில்லை. ஓரத்துச் சாக்கடை பொங்கி, கறுத்த நீர் மைதானம் முழுவதும் நின்றது. நாற்றம் தாங்கவில்லை. போட்டி ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து வேறோர் ஊரில், இரண்டு நாள் போட்டிகளை ஒரே நாளில் நடத்தி முடித்தார்கள். பொழுது சாயும் வேளையில், நேரமில்லை என்று சொல்லி, பெண்கள் 800 மீட்டரையும் 1500 மீட்டரையும் விட்டுவிட்டார்கள். பையன்கள் ஓடினார்கள். நான் எண் குத்திய பனியனுடன் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன்.

அன்றிரவு அப்பாவிடம் மறுபடி கேட்டேன், இம்முறை சிரிக்காமல். மழை வந்தால் சாக்கடை ஏன் பொங்குகிறது? பாரிசிலும் ஏன், இங்கேயும் ஏன்? என் அப்பா பிளம்பர். குழாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும், அறிவியல் ஆசிரியை விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பாரிசின் பாதாளச் சாக்கடை 19ஆம் நூற்றாண்டில் பெல்கிராண் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் உருவானது. ஆள் நடந்து போகக்கூடிய பெரிய சுரங்கங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அக்காலத்தில் உலகமே வியந்த வேலை. ஆனால் அதில் வீட்டுக் கழிவுநீரும் தெருவில் விழும் மழைநீரும் ஒரே குழாயில் போகும். வெயில் நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாது. கொள்ளாத நீர் எங்கே போகும்? வந்த வழியே வீடுகளுக்குள் திரும்பும். அப்படித் திரும்பாமல் இருப்பதற்காகவே, நிரம்பியதும் நதிக்குள் வழிந்துவிடும்படி வாய்களை வைத்துக் கட்டினார்கள். ஆகவே மழையில் நதி அசுத்தமாவது யாரோ அன்று செய்த கவனக்குறைவு அன்று. வீடுகளைக் காப்பாற்ற நதியைப் பலி கொடுத்த ஏற்பாடு.

இதற்கு மாற்றாகத்தான் ஆஸ்டர்லிட்ஸ் இரயில் நிலையத்தின் அருகே தரைக்கடியில் பிரம்மாண்டமான தொட்டி ஒன்றைத் தோண்டினார்கள். குறுக்களவு 50 மீட்டர், ஆழம் சுமார் 30 மீட்டர். 5 கோடி லிட்டர் கொள்ளும். பெருமழை பெய்யும்போது வழியும் நீரை இதில் பிடித்து வைத்து, மழை ஓய்ந்தபின் மெதுவாகச் சுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள். நம் வீட்டில் ஓட்டு இறவாணத்தின் கீழே அண்டா வைப்பது போலத்தான். அண்டா நிறைந்த பிறகும் மழை விடாவிட்டால்? அதுதான் ஜூலை 26, 27 தேதிகளின் மழைக்குப் பிறகு நேர்ந்தது. இவை தவிர, நதியில் நிற்கும் வீட்டுப் படகுகளையும், நகருக்கு மேற்பகுதியில் கழிவைத் தவறான குழாயில் விட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளையும் தேடிப் பிடித்துச் சரியான குழாயில் இணைத்தார்கள்.

தண்ணீர் சுத்தமா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். 100 மில்லிலிட்டர் நீரில் அது 1,000க்கு மேல் இருந்தால் ஆகாது. எல்லா ஈ. கோலையும் நோய் தருவதில்லை. ஆனால் அது இருந்தால் மலநீர் கலந்திருக்கிறது என்று பொருள். நோய் தரும் மற்றக் கிருமிகளும் உடன் இருக்கலாம். மாதிரி நீரை ஊட்டப்பொருளில் வைத்து வளர்த்து எண்ணுவதற்கு ஒரு நாள் ஆகும். அதனால்தான் வீரர்கள் கடைசி நிமிடம் வரை காத்திருக்க நேர்ந்தது. வெயில் அடித்தால் கதிர்கள் கிருமிகளைக் கொல்லும். ஓடும் நீரும் அடித்துக்கொண்டு போகும். அப்படியே இரண்டு நாள் வெயிலில் எண்ணிக்கை குறைந்து, 31ஆம் தேதி காலையில் பெண்கள் போட்டியும் ஆடவர் போட்டியும் நடந்தன. பிரான்சின் கசாந்திர் போகிராண் தம் நாட்டு நதியில் நீந்தித் தங்கம் வென்றார்.

நம் ஊரின் கதை வேறு. இங்கே பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. “அப்புறம் எப்படிப்பா மழைத் தண்ணியில கக்கூஸ் தண்ணி வருது?” என்று கேட்டேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டணும், ரோடு தோண்டணும், காத்திருக்கணும். வாசல்லயே மழைத்தண்ணிக் கால்வாய் போகுது. ராத்திரியோட ராத்திரியா அதுல ஒரு குழாயைச் சொருகிட்டா வேலை முடிஞ்சுது. அப்படித்தான் நெறைய வீட்டுல இருக்கு.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “தொழிலுக்கு வந்த புதுசுல நானும் ரெண்டு வீட்டுக்கு அப்படிச் செஞ்சு குடுத்திருக்கேன். இப்ப யார் கூப்பிட்டாலும் போறதில்ல” என்றார்.

இதைக் கட்டுரையில் எழுதலாமா என்று தயங்கி அப்பாவிடமே கேட்டேன். “எழுது. படிக்கிறவங்க வீட்டுக் குழாய் எங்க போகுதுன்னு ஒரு தடவை பாக்கட்டும்” என்றார். அதனால் எழுதினேன்.

ஒலிம்பிக்கின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து, அம்மா இட்லி அவித்துக்கொண்டிருக்க, பதினொன்றரை மணிக்குப் பெண்கள் மாரத்தானைப் பார்த்தோம். வழக்கமாக ஆடவர் மாரத்தான்தான் இறுதியில் வரும். பாரிசில் பெண்களுடையதை இறுதியில் வைத்தார்கள். அந்த ஓட்டப் பாதைக்கும் ஒரு காரணம் இருந்தது. 1789 அக்டோபர் 5ஆம் நாள், ரொட்டி விலை தாங்காமல் பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, மழையில் நனைந்தபடி வெர்சாய் அரண்மனைக்கு நடந்து போனார்கள். மறுநாள் மன்னரையும் அரசியையும் பாரிசுக்கு அழைத்துக்கொண்டுதான் திரும்பினார்கள். அந்த வழியை ஒட்டியே 42 கிலோமீட்டர் ஓட்டம், நகராட்சி மாளிகையிலிருந்து வெர்சாய் சென்று இன்வாலித் வரை. ஏற்றமும் இறக்கமுமான கடினமான பாதை.

வென்றவர் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன். எத்தியோப்பியாவில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில், அதாவது இப்போதைய என் வயதில், தனியாக அகதியாக நெதர்லாந்து சேர்ந்தவர். அந்த வாரத்தில் அவர் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் ஓடி இரண்டு வெண்கலம் பெற்றிருந்தார். அந்தக் கால்களுடன் மாரத்தானுக்கும் வந்தார்! கடைசித் திருப்பத்தில் எத்தியோப்பியாவின் திக்ஸ்ட் அசெஃபாவும் அவரும் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள். 2 மணி 22 நிமிடம் 55 விநாடி, ஒலிம்பிக் சாதனை. அசெஃபா மூன்றே விநாடி பின்னால். “இட்லி ஆறுது” என்று அழைக்க வந்த அம்மா, கரண்டியோடு நின்றவர் நின்றபடியே இருந்தார்.

இந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 22 பேரில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. நமது தொடர் ஓட்ட அணியில் திருச்சியின் சுபா வெங்கடேசனும் கோவையின் வித்யா ராம்ராஜும் ஓடினார்கள். முதல் சுற்றோடு வெளியேறினாலும் அவர்களைத் திரையில் கண்டபோது ஊர்க்காரர்களைப் பார்த்த மகிழ்ச்சி. அதன்பின் நடந்த மாற்றுத் திறனாளர்களின் பாராலிம்பிக்கிலோ தமிழ்ப் பெண்கள் கொடி நாட்டினார்கள். செப்டம்பர் 2ஆம் நாள், இறகுப்பந்தில் ஒரே பிரிவில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள். அதற்கு முந்திய அரையிறுதியில் இவ்விருவரும் ஒருவரையொருவர் எதிர்த்தே ஆட நேர்ந்தது. யாருக்காகக் கைதட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதே நாளில் வேறு பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் பெற்றார். இதைப் பள்ளியில் போதிய அளவு பேசவில்லையே என்று எனக்கு இன்னும் குறை.

சேன்-தெனி அரங்கில் ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு பெரிய வெண்கல மணி தொங்கியது. தடகளத்தில் தங்கம் வென்றவர்கள் போய் அதை அடிப்பார்கள். நோத்ர தாம் மாதா பேராலயத்துக்கு 2013இல் எட்டு மணிகளை வார்த்துக் கொடுத்த அதே நார்மண்டி வார்ப்பாலையில் செய்தது அது. பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்ததையும், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதையும் அறிவீர்கள். 2025 தொடக்கத்தில் அந்த ஒலிம்பிக் மணி பேராலயத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஓடி வென்றவர்கள் அடித்த மணி இனி ஆண்டவருடைய வீட்டில் ஒலிக்கும்.

நதியும் திறந்தது. 2025 ஜூலை 5ஆம் நாள், நூற்றிரண்டு ஆண்டுத் தடைக்குப் பின், சென் நதியில் மூன்று இடங்களில் பொதுமக்கள் இறங்கி நீந்தினார்கள். மறுநாளே மழையால் மூடினார்கள்! பிறகு தண்ணீர் தெளிந்ததும் திறந்தார்கள். செய்தியை அப்பாவிடம் காட்டினேன். “அண்டா பத்தலை” என்றார்.

அடுத்த மாதமே எங்கள் குறுவட்டப் போட்டி வந்தது. பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, ஓட்டமெல்லாம் போதும் என்பது அம்மாவின் கட்சி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாச்சிதான், “ஒரு நாள் ஓடிட்டு வரட்டும், கணக்கு எங்கயும் ஓடிடாது” என்று முடித்து வைத்தார்கள்.

மைதானம் சிறியது. நான்கு சுற்று ஓட வேண்டும். மூன்றாவது சுற்று முடியும்போது விளையாட்டு ஆசிரியை கைமணியை அடித்தார். கடைசிச் சுற்று என்பதற்கு அடையாளம் அது. அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. நான்காவதாக வந்தேன். முதல் மூவருக்குத்தான் சான்றிதழ்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் குழாய்த் துண்டு ஒன்றுக்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். எத்தனையாவது வந்தாய் என்று கேட்பார் என நினைத்தேன்.

“தரை காஞ்சிருந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“காஞ்சிருந்துச்சுப்பா” என்றேன்.